காற்றுக் கசிவு

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் நாள், புதன்கிழமை முற்பகலில், தங்கையின் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினை அதன் எல்லா வாய்களிலும் ரப்பர் அடைப்பான்களால் அடைத்து, உள்ளே சிறிதளவு காற்றை ஏற்றிவிட்டு, அழுத்தமானியின் எதிரே முக்காலி போட்டு அமர்ந்திருந்தார் ஓய்வுபெற்ற பணிமனை மேற்பார்வையாளர் ஒருவர். முள் நின்ற இடத்தில் நின்றால் எஞ்சினில் குறையில்லை. இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது. இவ்விரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று அந்தச் சோதனையில் கிடையாது.

முள் ஏறியது.

அதிகமில்லை, ஒரு கோட்டின் கனம்தான். வேறு எவராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேறு எவரைப் பற்றியும் அவருடைய எண்ணம் பொதுவாக அப்படித்தான் இருந்தது. பேருந்துப் பணிமனையில் அவர் வேலை பார்த்த காலம் முழுவதும், எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு "இதுவாத்தான் சார் இருக்கும்" என்று இழுத்த மெக்கானிக்குகள் எவரையும் அவர் மனிதக் கணக்கில் சேர்த்ததில்லை. அளக்காமல் பேசுகிறவன் வாயைத் திறந்ததே தப்பு என்பது அவருடைய கட்சி. அதனால் அவருக்கு அங்கே 'மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் நாளடைவில் முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அதில் ஏளனம் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். ஏளனம் செய்யக்கூட அவர்களுக்குத் தகுதியில்லை என்பதும் தெரியும்.

ஆகவே முள் ஏறியதைக் கண்டபோது அவருக்குள் முதலில் எழுந்தது பயமன்று, இளப்பம். தகரக் கூரை காய்ந்தால் கொட்டகை சூடாகும். சூடானால் அடைபட்ட காற்று விரியும். விரிந்தால் முள் ஏறும். பள்ளிக்கூடப் பாடம். அப்படிச் சொல்லி முடித்துவிட்டு அவர் வெளியே பார்த்தார். காலையிலிருந்து மழைத்தூறல். வெயில் என்று ஒன்று வரவே இல்லை. கூரையின் மீது நீர்த்துளிகள் ஒவ்வொன்றாக விழுந்து, சேர்ந்து, ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தன.

அவர் திரும்பியபோது முள் இறங்கியிருந்தது. பிறகு ஏறியது. பிறகு, அவசரமேதுமின்றி, இறங்கியது.

அழுத்தமானியின் கண்ணாடியை விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். அது அவருடைய சொந்தக் கருவி; பெட்டியில் துணி சுற்றி வைத்துக் கொண்டுவந்தது. அதைச் சந்தேகிப்பதைவிடத் தம்முடைய கண்ணைச் சந்தேகிப்பது அவருக்கு எளிது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

எதிரே, ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு இடைவெளி விட்டு, வீட்டின் பின்புற அறை ஜன்னல் திறந்திருந்தது. அதற்குள் கட்டிலில் அவருடைய மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று நாள் முழுதும் உறுமிக்கொண்டிருந்தது. நுரையீரல் பஞ்சாக இருக்க வேண்டும். இவருக்குத் தோலாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தத் தோலுக்குள் காற்று நுழைவதும் வெளியேறுவதும் கொட்டகை வரைக்கும் கேட்டது: துருப்பிடித்த கீலைப் போல ஒரு நீண்ட கிறீச்சொலி உள்ளே போகும், சற்று நிற்கும், ஈரமாக ஒன்று வெளியே வரும்.

அந்த மோட்டார் சைக்கிள் மாப்பிள்ளையுடையது. திருமணத்துக்கு முன்பே வாங்கியது, அப்போதே பழையது. திரையரங்கில் படம் ஓட்டுகிற வேலை அவருக்கு. இருட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர் என்பது மீட்டரின் மதிப்பீடு. இருட்டில் உட்கார்ந்தவர் வண்டியையும் இருட்டிலேயே வைத்திருந்தார். இவ்வகை எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயிலை அளந்து கலக்க வேண்டும். மாப்பிள்ளை, ஒரு மூடி ஊற்றிவிட்டு, "ஆசைக்கு" என்று சொல்லி இன்னும் அரை மூடி ஊற்றுவார். பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அறுந்த ஒயரைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றுவார். வண்டி ஓடிச் சூடாகிவிட்டால், கைப்பிடியைத் திருகாமலே எஞ்சினின் சத்தம் தானாக ஏறும்; சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது குனிந்து, காற்று போகும் வாயை உள்ளங்கையால் பொத்தி அணைப்பார். அணைத்துவிட்டுச் சிரிப்பார்.

"பாருங்க மச்சான், வாயப் பொத்துனா அடங்கிடுது. வீட்டுக்குள்ள இப்படி முடியுமா."

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடிவயிறும் காற்றுப் புகாததாக இருக்க வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் முதலில் வயிற்றுக்குள் இழுத்து, பிறகுதான் மேலே தள்ளுகிறது. வயிற்றின் பக்கவாட்டில், சுழலும் தண்டைச் சுற்றி, ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சீல் என்பார்கள். அது தேய்ந்தால் வேண்டாத காற்று நுழையும். வேண்டாத காற்று நுழைந்தால் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும். இதை மீட்டர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு சொற்பொழிவாகவே, மாப்பிள்ளையிடம் விளக்கியிருந்தார்.

"போகட்டும் மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "காத்துதானே."

அந்தப் பதிலை மீட்டர் மன்னிக்கவில்லை. தங்கை போன வாரம் தொலைபேசியில், "அண்ணே, வண்டிய ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் குடுங்க. அந்தச் சத்தத்தக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. வேற எதுவுமே கேக்கறதில்ல," என்றபோது, அவர் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இரக்கமென்று தங்கை நினைத்தாள். வரும் வழியிலேயே அவர் கடையில் இறங்கிப் புதிய சீல் ஒன்றை வாங்கிக்கொண்டார். எஞ்சினைப் பார்க்குமுன்பே, அளக்குமுன்பே, வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் கண்ணை மூடுவதற்குள் பழைய சீலை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய எண்ணம்.

"மச்சான்," என்றது ஜன்னல். "பேஷன்ட் எப்படி இருக்காரு?"

"உங்களுக்கு மூத்தவரு. ஆனா உங்கள மாதிரி முனகல."

கிறீச்சொலி உள்ளே போய்த் திரும்பி வந்தது. "பழகினா முனகுவாரு. புது ஆளுங்க கிட்ட கொஞ்சம் கூச்சம்."

"கூச்சமில்ல மாப்ள, கோளாறு. இத்தன வருஷமா நீங்க குடுத்த கோளாறு."

"அடைச்சு வச்சிருக்கீங்களோ?"

"டெஸ்ட் பண்றேன். சொன்னா உங்களுக்குப் புரியாது."

"புரிய வேணாம். நெஞ்சு கொஞ்சம் கனமா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

நோயாளிகளுக்கு உலகமே தங்கள் உடம்பைச் சுற்றித்தான் நடக்கிறது. மீட்டர் உதட்டைச் சுழித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாமென்று, காற்று போகும் வாயிலிருந்த அடைப்பானைப் பிடுங்கினார். உஸ்ஸென்று சிறிதாக ஒரு சத்தம் வந்தது. அதே நேரத்தில் ஜன்னலுக்குள் நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது.

"அப்பாடா," என்றார் மாப்பிள்ளை.

மீட்டர் அதைக் கேட்டார். கேட்டு, அதைக் கேட்டதாக வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தார்.

பக்கவாட்டு மூடியைத் திறந்து, கனத்த இரும்புச் சக்கரத்தை அதற்கென்று உள்ள கருவியால் இழுத்துக் கழற்றினார். அதன் பின்னால்தான் சீல். கறுத்து, பிசின் பிடித்து, ஓரம் தேய்ந்து, அவர் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தபடியே இருந்தது. ஆனால் அவருக்குக் கண்ணால் பார்த்தது போதாது, நிரூபணம் வேண்டும். வாய்களை மீண்டும் அடைத்தார். காற்றை ஏற்றினார். தூரிகையால் சோப்பு நீரை எடுத்துச் சீலின் ஓரத்தில் பூசினார். கசிவு இருந்தால் அங்கே குமிழி வரும், பெருகும், உடையும்.

குமிழி வந்தது. நெல்லிக்காய் அளவுக்குப் பெருகியது. உடையவில்லை. சுருங்கியது, சுருங்கிச் சீலுக்குள் மறைந்தது. மீண்டும் வந்தது.

மழை சற்று வலுத்தது. கூரையின் ஓசைக்கு நடுவே, பெட்ரோல் வாடையும் ஈர மண் வாடையும் கலந்து நின்ற அந்தக் கொட்டகையில், முக்காலியில் முன்னே சாய்ந்து, ஒரு சோப்புக் குமிழி பெருகுவதையும் சுருங்குவதையும் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க, அதன் வேகம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகத் தோன்றியது. உள்ளே நீளமாக. சற்று நின்று. வெளியே.

நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சினின் வயிற்றில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்து அழுத்தினார். எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். ஓடுகிற எஞ்சினில் பேரிங் தேய்ந்ததா என்று கேட்க. நிற்கிற எஞ்சினில் கேட்க ஒன்றும் இருக்காது.

உள்ளே ஈரமாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பிரிப்பது போன்ற நொறுநொறுப்பு. அதற்குப் பின்னால், ஆழத்தில், ஒரு கிறீச்சொலி. பிறகு எஞ்சின் இருமியது.

திருப்புளி அவர் கையில் அதிர்ந்தது. அவர் இன்னும் அதை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு, ஒரு நொடி தாமதித்து, ஜன்னலுக்குள் மாப்பிள்ளை இருமினார்.

எதிரொலி என்று அவர் சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே, எதிரொலி பின்னால்தான் வரும், முன்னால் வராது என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த நினைவின் மீதே அவருக்கு எரிச்சல் வந்தது. முட்டாள்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். எஞ்சினுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேருந்தை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்த ஓட்டுநர் ஒருவனை அவர் பணிமனை வாசலில் நிற்கவைத்து, எல்லாரும் பார்க்க, அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டியிருக்கிறார்.

தங்கை தேநீர்க் கோப்பையோடு வந்தாள். கோப்பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலைலேர்ந்து அவருக்கு ஒரு மாதிரியா இருக்கு அண்ணே. திடீர்னு திணறுது. திடீர்னு சரியாயிடுது."

"மிஷின்ல ஃபில்டர் மாத்துனியா?"

"நேத்தே மாத்திட்டேன்."

"கரன்ட் ஏறி இறங்குதா?"

"இல்ல. இப்பக்கூடத் திணறிக்கிட்டுத்தான் இருக்காரு." அவள் பார்வை எஞ்சினின் மேல் போய், ரப்பர் அடைப்பான்களின் மேல் நின்றது. "இத எதுக்கு இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க?"

"கசிவு கண்டுபிடிக்க."

"அடைச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"என்னம்மா ஆகும், உயிரா இருக்கு அதுக்கு? நீயும் அவரோட சேந்து அப்படியே ஆயிட்டே."

அவள் கோப்பையைப் பெட்டியின் மேல் வைத்தாள். "அவரு அதுங்கிட்டப் பேசுவாரு அண்ணே. தெனமும், ஜன்னல் வழியா. சிரிக்காதீங்க."

"நான் சிரிக்கல," என்றார். உண்மையில் அவர் சிரிக்கவில்லை.

அவள் போன பிறகு அடைப்பான்களைக் கழற்றினார். உஸ். ஜன்னலுக்குள் மூச்சு இறங்கியது. இந்த முறை அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பழைய சீலின் ஓரத்தில் கொக்கியை நுழைத்து நெம்பினார். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் கல்லாக இறுகியிருக்க வேண்டும். நெம்பினால் துண்டு துண்டாகத் தெறிக்க வேண்டும். இது தெறிக்கவில்லை. மிருதுவாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கொக்கியை விட்டுவிட்டு விரலால் இழுக்கலாமென்று நுனியை உள்ளே நுழைத்தபோது, அதன் விளிம்பு விரலைச் சுற்றி மெல்லக் கூடியது.

அவர் கையை இழுத்துக்கொண்டார். விரலில் ஆயில் இருக்க வேண்டும். இருந்தது நுரை, வெளிறிய, கொழகொழவென்ற நுரை. மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் வாடை இல்லை. மருந்துச் சிரப், காய்ச்சல், பல நாள் மாற்றாத தலையணை உறை. பின்புற அறையின் வாடை.

கழிவுத்துணியில் விரலைத் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார். பிறகு பற்களைக் கடித்துக்கொண்டு, குறடால் பிடித்து, ஒரே இழுப்பில் சீலைப் பிடுங்கி எறிந்தார். அருவருப்பு, அவரைப் பொறுத்தவரை, பயத்தைவிடக் கௌரவமானது. பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் அருவருப்பு என்று பெயரிட்டுக்கொண்டதால்தான் அவரால் அன்று வேலையைத் தொடர முடிந்தது.

புதிய சீலை எடுத்து, விளிம்பில் கிரீஸ் தடவி, இடத்தில் வைத்து, அதன் மேல் சரியான அளவு இரும்புக் குழாயை நிறுத்திச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அது கொஞ்சம் உள்ளே போனது. ஒவ்வொரு தட்டுக்கும் ஜன்னலின் கிறீச்சொலி கொஞ்சம் மெலிந்தது. கடைசித் தட்டில் சீல் மட்டமாக அமர்ந்தது. நேர்த்தியாக. ஜன்னலில் இப்போது ஆக்சிஜன் இயந்திரத்தின் உறுமல் மட்டும். தூங்கிவிட்டார், நல்லதுதான் என்று மீட்டர் நினைத்தார்.

பணிமனையில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அதை வேறெந்தப் பணிமனையிலும் எவரும் கடைப்பிடித்ததில்லை. கடைப்பிடிக்கும் பொறுமை எவருக்கும் இல்லை என்பார். சீல் மாற்றிய எஞ்சினை எல்லா வாயிலும் அடைத்து, காற்றேற்றி, முள் நிற்கும் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, திரும்பி வந்து பார்ப்பார். முள் மயிரிழை இறங்கியிருந்தாலும் வேலை மறுபடி. பார்க்காமல் அடைப்பானை எடுத்தவனுக்கு அன்று அவர் வாயால் கிடைக்கும் அர்ச்சனை, வீட்டுக்குப் போன பிறகும் காதில் ஒலிக்கும்.

அந்த வழக்கப்படியே செய்தார். காற்று போகும் வாயை அடைத்தார். புகை வெளியேறும் வாயை அடைத்தார். பிளக்கின் துளையில் பம்பின் குழாயை முறுக்கினார். காற்றை ஏற்றினார். முள் நின்றது. எழுந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

சமையலறையின் ஜன்னலும் கொட்டகையைப் பார்த்துத்தான் இருந்தது. தங்கை பரிமாறிவிட்டு எதிரே நின்றாள்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்ச மாதிரிதான். சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணலாம். உன் வீட்டுக்காரர் கேட்டுட்டு, நான் அன்னிக்கே சொன்னது சரிதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் எனக்கு."

"சொல்லிடுவாரு. அவருக்கு அதுல என்ன கஷ்டம்?" அவள் தலையைச் சாய்த்தாள். "ரொம்ப நேரமா சத்தமே இல்ல."

"தூங்கறாரு."

"தூங்கினாலும் சத்தம் வருமே."

அவள் உள்ளே போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மழை நின்றிருந்தது. வீட்டில் எவ்வளவு அமைதி என்று அவர் நினைத்த அந்த வேளையில், தங்கை கூப்பிட்டாள். கத்தவில்லை.

"அண்ணே."

மாப்பிள்ளை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திணறவில்லை. இருமவில்லை. நெஞ்சு மேலே உயர்ந்து, உயர்ந்த இடத்தில் நின்றிருந்தது. காற்றேற்றி முறுக்கிய டயரைப் போல. வாய் திறந்திருந்தது. அதன் வழியே எதுவும் உள்ளே போகவில்லை. எதுவும் வெளியே வரவில்லை. உதடு நீலம். கழுத்து நரம்பு கயிறு கயிறாக. கண் மட்டும் அசைந்தது. அது மனைவியைப் பார்க்கவில்லை; மச்சானைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தது.

"அத எடுங்க அண்ணே."

"எத?"

"எடுங்க."

அவருக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். வெளியே வந்தார். ஓடவில்லை. ஓடினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நடந்தார். வேகமாக நடந்தார். கொட்டகை. ஈர மண். எஞ்சின். கை அடைப்பானின் மேல் போனது. பிடித்தது.

கண் முள்ளின் மேல் போனது.

பார்க்காமல் எடுப்பதில்லை.

குனிந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். முள் வைத்த இடத்தில் நின்றது. ஏறவில்லை. இறங்கவில்லை. மயிரிழைகூட. சொட்டுக் கசிவில்லை. வாழ்நாளில் அவர் பார்த்த எல்லாச் சோதனைகளிலும் இவ்வளவு சுத்தமான ஒன்று இல்லை. சீல்தான். சீல்தான் கோளாறு. அன்றே சொன்னார். நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது.

பிறகு பிடுங்கினார்.

உஸ் வரவில்லை.

குழாயைப் பிடுங்கினார். மற்றதையும் பிடுங்கினார். எதிலிருந்தும் காற்று வெளியேறவில்லை. வீட்டுக்குள் கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது. அதன் பிறகு ஆக்சிஜன் இயந்திரம் மட்டும். உறுமல். உறுமல். யாருக்கென்று தெரியாத உறுமல்.

அவர் அடைப்பானைக் கையில் பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று அவர் அளக்கவில்லை.

காலடிக்கருகே, திறந்த வாயின் வழியாக, எஞ்சின் மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக. ஆழமாக. சற்று நின்றது. வெளியே விட்டது. கிறீச்சொலி இல்லை. ஈரம் இல்லை. நோய் இல்லை. நன்றாகப் பழுது பார்க்கப்பட்ட மூச்சு.

தங்கை கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"முள்ளப் பாத்தே," என்றாள். வாழ்நாளில் முதல் முறையாக அவரிடம் அவள் ஒருமையில் பேசினாள். "குனிஞ்சு, கண்ணாடியச் சரிபண்ணி, பாத்தே. அப்புறம்தான் எடுத்தே. நான் ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

அவர் அடைப்பானைக் கீழே வைத்தார். எஞ்சின் மறுபடி மூச்சு விட்டது. அவள் கேட்டாள். மெல்ல வந்து, ஆயில் படிந்த தரையில் மண்டியிட்டு, திறந்த வாயின் அருகே கன்னத்தைக் கொண்டுபோனாள். நெற்றியில் கிடந்த நரைமயிர் உள்ளே இழுக்கப்பட்டது. பிறகு பறந்தது.

"அடைபட்ட காத்தும்மா," என்றார் அவர். "மெதுவா வெளிய..."

"இத்தன வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன்," என்றாள். "எனக்குத் தெரியாதா?"

நடந்தவையும் முடிவு செய்யப்பட்டவையும் பின்வருமாறு. மாப்பிள்ளையின் உடல் மறுநாள் உறவினர்கள் முன்னிலையில் எடுத்துச் செல்லப்பட்டது, மருத்துவர் நுரையீரல் நோய் என்று எழுதினார், எவரும் மறுக்கவில்லை. உறவினர்கள் போன பிறகு, வெள்ளிக்கிழமை மாலை, தங்கை பேசினாள், மீட்டர் கேட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிளைப் பின்புற அறைக்குக் கொண்டுவந்து கட்டிலை ஒட்டி நிறுத்துவது. அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதில்லை. ஒருபோதும் ஸ்டார்ட் செய்வதில்லை. அதன் எந்த வாயையும் எக்காரணத்துக்காகவும் எவரும் அடைப்பதில்லை. கேட்பவர்களிடம், அவருடைய நினைவாக வைத்திருப்பதாகச் சொல்வது. மீட்டர் தம்முடைய வீட்டைக் காலி செய்துவிட்டு, இனி இங்கேயே முன்னறையில் தங்கி, நாள்தோறும் காலையும் மாலையும் அதன் வாயையும் உள்ளேயும் பஞ்சால் சுத்தம் செய்வது. சீல் தேய்ந்தால் மாற்றுவது. தமக்குப் பின் இதை யார் செய்வார்கள் என்பதை அவரே யோசித்து ஏற்பாடு செய்வது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். வேலையை அன்று மாலையே தொடங்க வேண்டுமென்றாள். தொடங்கினார். பஞ்சில் வந்ததை அவர் பார்க்காமல் மடித்து வைத்தார்.

இருட்டிய பிறகு குளிர்காற்று வந்ததால், தங்கை ஒரு கம்பளியைக் கொண்டுவந்து வண்டியின் மேல் போர்த்திவிட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். கம்பளி ஏறியது, இறங்கியது. வாசற்படியில் நின்ற மீட்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கம்பளிக்கு அடியிலிருந்து, உதைத்துக் கிளப்பும் கிக்கர், புழுக்கம் தாங்காமல் தூக்கத்தில் காலை நீட்டுபவரைப் போல, மெல்ல வெளியே நீண்டது. தங்கை கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அதை உள்ளே மடக்கி, கம்பளியை இழுத்துவிட்டாள்.